பயிற்றுவிப்பாளரின் வாழ்க்கைக் கதையில் அந்த வருடத்தை எங்கே வைப்பது?

கேள்வி (உப்புவெளி வாசகர் ஒருவர்)

எங்கள் ஊர் உதைபந்தாட்ட மாஸ்டருக்கு வருட நினைவு மலர் போடுகிறார்களாம். அவருடைய அணி வயது மோசடியில் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது அந்தக் காலத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். செத்துப்போன மனிசனைப் பற்றி அதை எழுதத்தான் வேணுமா? எழுதாவிட்டால் அது வாழ்க்கை வரலாறா, வெறும் புகழ்மாலையா? மலரைத் தொகுப்பவர் இங்கே எழுதுகிறவர் என்று கேள்வி. அவரே சொல்லட்டும்.

பெப்ரவரி 2

தொகுப்பவன் நான்தான். எழுதத்தான் போகிறேன். எவ்வளவு, எந்த இடத்தில், யாருடைய பெயரோடு என்பதில்தான் இழுபறி.

மலர்க் குழுவில் பாதிப் பேருக்கு அந்தக் கதையே வேண்டாம். மற்றப் பாதி, கடைசியில் 'சர்ச்சைகள்' என்று தனியாக ஒரு பக்கம் போட்டால்தான் நடுநிலை என்கிறார்கள். முதல் கட்சியைப் பற்றி என்ன சொல்ல? இந்த ஊரில் செத்தவரைப் புகழ்ந்து அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகங்களை எல்லாம் அடுக்கிவைத்து வாசித்தால், திருகோணமலையில் கெட்டவன் ஒருவன்கூட இன்னும் சாகவில்லை என்றுதான் முடிவுக்கு வரவேண்டும்.

எனக்குப் பயம் இரண்டாவது கட்சியில்தான். தனிப் பக்கம் போட்டால் வாசிக்கிறவன் முதலில் அதைத்தான் புரட்டுவான். ஏகாம்பரம் மைதானத்தில் விடியப்புறம் பெடியளை ஓடவைத்த மாஸ்டர் ஒருவர், முறைப்பாட்டுக் கடிதத்தில் வருகிற மாஸ்டர் வேறொருவர் என்று ஆகிவிடும். இரண்டும் ஒரே மனிதர், ஒரே வருடம், அதே பெடியள். அந்த வருடத்துக் கதையைச் சொல்லும்போது அதையும் அங்கேயே சொல்லிவிட்டு அடுத்த வருடத்துக்குப் போவதுதான் என் யோசனை.

பெப்ரவரி 2, இரவு

என்ன நடந்தது என்று இளம் ஆட்கள் கேட்கிறார்கள். சுருக்கமாக: 1990 ஜூன் சண்டைக்குப் பிறகு இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக இருந்து திரும்பி வந்த பிள்ளைகள் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. சிலரிடம் பிந்திய பதிவு. 15 வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஒரு பெடியன் இன்னொருவனின் சான்றிதழோடு இறங்கினான். எதிரணி எழுத்தில் முறைப்பாடு கொடுத்தது, விசாரித்தார்கள், அணியை விலக்கினார்கள். மாஸ்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கொஞ்சக் காலம் அவர் எந்த அணியோடும் மைதானத்துக்கு இறங்கவில்லை.

இவ்வளவும் தாளில் இருக்கிறது. சான்றிதழை மாற்றிக் கொடுத்தது யார், மாஸ்டருக்கு முன்பே தெரியுமா என்பவை தாளில் இல்லை. வாயில் இருக்கின்றன, வாய்க்கு வாய் வேறு மாதிரி.

பெப்ரவரி 4

ஒருவர் எழுதியிருக்கிறார்: "இதிலே என்ன பெரிய ஆராய்ச்சி? சனத், சொய்சா, அவிஷ்க எல்லாரும் சூதாட்டத்தில் மாட்டின ஆட்கள், எல்லாருக்கும் ஒரே வரி போதும்."

இல்லை. அந்த ஒரே வரிதான் அநியாயம். மூவரும் இலங்கைக்குக் கிரிக்கெட் ஆடிப் பிறகு பயிற்றுவிப்பாளர் ஆனவர்கள். தனித்தனியாகப் பாருங்கள்.

நுவன் சொய்சா இலங்கை அணியின் பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளராக இருந்தபோது 2018இல் ஐ.சி.சி. குற்றம் சாட்டியது. தீர்ப்பாயம் விசாரித்துக் குற்றவாளி என்றது. 2021 ஏப்ரலில் ஆறு வருடத் தடை அறிவிக்கப்பட்டது, 2018 ஒக்டோபர் 31இலிருந்து கணக்கு. இது முடிந்த விஷயம். அப்படியே எழுதலாம், "என்று கூறப்படுகிறது" போட்டு வழவழக்கத் தேவையில்லை. 1999இல் ஹராரேயில் ஒரு டெஸ்டில் தன் முதல் மூன்று பந்திலேயே மூன்று விக்கெட் எடுத்தவரும் இவரேதான். அதையும் வெட்டக்கூடாது.

அவிஷ்க குணவர்தன மீது எமிரேட்ஸ் கிரிக்கெட் சபையின் விதிகளின் கீழ் 2019இல் குற்றச்சாட்டு வந்தது. ரி10 போட்டி தொடர்பானது. 2021 மே மாதம் தீர்ப்பாயம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. இடையில் இரண்டு வருடம் மனிதர் வீட்டில் இருந்தார். குற்றச்சாட்டு வந்த அன்று எல்லாப் பத்திரிகையிலும் படத்தோடு வந்தது. விடுதலையான செய்தியை நம்மில் எத்தனை பேர் வாசித்தோம்? நீங்கள் இன்னும் வாசிக்கவில்லை என்று தெரிகிறது.

சனத் ஜயசூரிய விஷயம் வேறு. 2019 பெப்ரவரியில் இரண்டு வருடத் தடை. காரணம், ஊழல் தடுப்பு விசாரணைக்கு ஒத்துழைக்காததும் விசாரணையைத் தடுத்ததும். இரண்டையும் அவரே ஒப்புக்கொண்டார். ஆட்டத்தை விற்றார் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒத்துழைக்காதது சின்னக் குற்றம் என்று நான் சொல்லவில்லை, இது வேறு குற்றம். அதே ஆள் 2024இல் பயிற்றுவிப்பாளராக வந்து இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரை வென்று கொடுத்தார். 1997க்குப் பிறகு முதல் தடவை. அவருடைய கதையை எழுதுகிறவன் 2019ஐ மறைத்தால் 2024 எவ்வளவு பெரிய திரும்பிவரல் என்பதும் வாசகனுக்குப் புரியாமல் போகும்.

பெப்ரவரி 4, பத்து நிமிடம் கழித்து

மேலே "விடுவித்தது" என்று நான் எழுதியதற்குக் கீழே ஒருவர் "காசு கொடுத்திருப்பான்" என்று எழுதியிருக்கிறார். இதுதான் ஐயா நம்முடைய ஊர் மேன்முறையீட்டு நீதிமன்றம். கட்டணம் இல்லை, லீவும் இல்லை.

பெப்ரவரி 7

அமெரிக்காவில் இருக்கிற அண்ணை ஒருவர் ஜோ பட்டர்னோ விஷயத்தைக் கொண்டுவந்திருக்கிறார். அமெரிக்க ஃபுட்போல் எனக்குப் பிடிபடாத விளையாட்டு, ஆனால் இந்தக் கதையை அப்போதே வாசித்தேன். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1966 தொடக்கம் 2011 வரை தலைமைப் பயிற்றுவிப்பாளர். 409 வெற்றி. அவரிடம் நீண்ட காலம் உதவியாளராக இருந்த ஜெரி சன்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியவர். 2012 ஜூனில் 45 குற்றங்களில் அது நிரூபிக்கப்பட்டது. 2001இலேயே ஒருவர் வந்து, தான் கண்டதைப் பட்டர்னோவிடம் சொன்னார். பட்டர்னோ மேலிடத்துக்குச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். 2011 நவம்பரில் வேலையிலிருந்து நீக்கினார்கள். 2012 ஜனவரியில் செத்துப்போனார். பல்கலைக்கழகம் சிலையைக் கழற்றியது, கல்லூரி விளையாட்டுச் சங்கம் 111 வெற்றிகளை அழித்து 298 என்றது. 2015 ஜனவரியில் அதே சங்கம் திரும்பவும் 409 ஆக்கியது.

அண்ணையின் கேள்வி, எந்த எண்ணைப் போடுவது என்பது. இரண்டையும் வருடத்தோடு போட்டால் முடிந்தது. அது லேசான பகுதி.

எனக்கு இடிக்கிறது வேறு. "அந்த வருடத்துக் கதையை அந்த வருடத்திலேயே சொல்" என்று 2ஆம் தேதி வீரம் பேசினேன். பட்டர்னோவுக்கு எந்த வருடம்? 2011 என்று வைத்தால், 2001 முதல் 2011 வரையான அத்தியாயங்கள் வெற்றி, கிண்ணம், கைதட்டல் என்று ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று இடி விழுந்த மாதிரி இருக்கும். வாசிக்கிறவன் மனிதருக்காகப் பரிதாபப்படுவான். பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கோ அந்தப் பத்து வருடமும் இடிதான். ஆகவே செய்தி வெளியே வந்த வருடத்தில் வைக்கக்கூடாது. காரியம் நடந்த வருடத்தில், அவருக்குத் தெரிந்த வருடத்தில் வைக்கவேண்டும்.

சொல்வது சுலபம். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதே வழக்கு. பல்கலைக்கழகம் அமர்த்திய லூயிஸ் ஃப்ரீ என்பவரின் அறிக்கை, மறைத்தார் என்றது. குடும்பம் வேறு ஆட்களைப் பிடித்து அதை மறுத்து அறிக்கை போட்டது. இரண்டையும் சொல்லலாம், ஆனால் இரண்டுக்கும் சமமாக ஒரு பக்கம் கொடுத்தால் அது தராசு பிடிக்கிற நடிப்பு. யாரை யார் அமர்த்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பெப்ரவரி 8

சிலர் தனிச் செய்தி அனுப்பி, உதைபந்து மாஸ்டரையும் பட்டர்னோவையும் ஒரே இழையில் வைத்தது அசிங்கம் என்கிறார்கள். ஒப்பிடவில்லை. எழுதும் முறையைப் பற்றித்தான் பேசுகிறோம். ஒரு சான்றிதழும் ஒரு குழந்தையின் உடலும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும்.

பெப்ரவரி 11

தென்னாபிரிக்காவுக்கும் பிறகு பாகிஸ்தானுக்கும் கிரிக்கெட் பயிற்றுவிப்பாளராக இருந்த பொப் வுல்மரைப் பற்றி இருவர் சண்டை பிடிப்பதால் சொல்கிறேன். அவருடைய வாழ்க்கையில் 'சர்ச்சை' என்று எல்லாரும் ஒரே கூடையில் போடுகிற மூன்று சங்கதிகள் உண்டு.

ஒன்று, 1982இல் இனஒதுக்கல் காலத்துத் தென்னாபிரிக்காவுக்குத் தடையை மீறிப் போன ஆங்கில அணியில் விளையாடினார். அது அவருடைய சொந்த முடிவு. எழுதித்தான் ஆகவேண்டும். இரண்டு, 1999 உலகக் கிண்ணத்தில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தில் தென்னாபிரிக்கத் தலைவர் குரோன்யேயின் காதில் கருவி மாட்டிவிட்டு வெளியிலிருந்து பேசினார். அன்றைக்கு அதைத் தடுக்கிற விதி இல்லை. நடுவர் கழற்றச் சொன்னார், கழற்றினார்கள். இது மூளைக்காரன் வேலை என்று சிரித்துவிட்டுப் போகலாம்.

மூன்றாவது அவர் செய்ததே இல்லை, அவருக்கு நடந்தது. 2007 மார்ச்சில் பாகிஸ்தான் அயர்லாந்திடம் தோற்ற மறுநாள் கிங்ஸ்டனில் ஹோட்டல் அறையில் நினைவில்லாமல் கிடந்தார், அன்றே இறந்தார். சில நாளில் ஜமெய்க்கா பொலிஸ் கழுத்தை நெரித்துக் கொலை என்றது. ஜூனில் அதே பொலிஸ் இயற்கை மரணம் என்றது. நவம்பரில் மரண விசாரணை ஜூரிகள் எந்த முடிவும் சொல்லாமல் திறந்த தீர்ப்பு என்று விட்டார்கள். அந்த மூன்று மாதமும் பாகிஸ்தான் வீரர்களைக் கொலைகாரர் மாதிரிப் பார்த்தோம். எங்கள் தேத்தண்ணிக் கடையில் ஆளின் பெயரே சொன்னார்கள், யார் நெரித்தது என்று. கைரேகை நிபுணர்கள் பிளேன்டி குடித்துக்கொண்டு.

நான் சொல்வது, மார்ச்சில் நின்றுவிட்ட வாழ்க்கை வரலாறு பொய். ஜூனில் நின்றாலும் முழுசு இல்லை.

பெப்ரவரி 12

"அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதானே" என்ற வாதத்துக்குப் பதில் கேட்டவருக்கு: ஊக்கமருந்தில் மாட்டிய ஓட்டவீரர் பென் ஜோன்சனின் பயிற்றுவிப்பாளர் சார்லி ஃபிரான்சிஸ் 1989இல் கனடாவின் விசாரணை ஆணைக்குழு முன்னால் சத்தியம் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். உச்சத்தில் இருக்கிற எல்லாரும் எடுக்கிறார்கள், எடுக்காவிட்டால் பின்னால் நிற்கவேண்டும் என்பதுதான் அவருடைய கட்சி. அதை எழுதுகிறவன் அவருடைய விளக்கம் என்று எழுதலாம். தன் வாக்கியமாக எழுதக்கூடாது. மாஸ்டருக்கும் அதேதான். இடம்பெயர்வு, சான்றிதழ் இல்லாமை எல்லாம் நடந்த சூழல், எழுதுவேன். "ஆகவே தப்பில்லை" என்பதை நான் சேர்க்கமாட்டேன்.

பெப்ரவரி 15

மாஸ்டரின் மகள் அக்கா ஒரு ஷொப்பிங் பை நிறையக் கொப்பிகள் தந்தார். எல்லாம் சீ.ஆர். கொப்பி. மாஸ்டர் ஒவ்வொரு போட்டிக் காலத்துக்கும் கணக்கு எழுதியிருக்கிறார், நீல மையில், தொகை மட்டும் சிவப்பில். பஸ் கூலி. கோடு போடச் சுண்ணாம்பு. பந்து பிளடர். குளுக்கோஸ் பக்கெற். "கோலிக்குச் சப்பாத்து, பாதி நான்." கோலி என்றால் கோல் காக்கிறவன். தோடம்பழம். ஒரு பக்கத்தில் பாடசாலைப் பெயரே இல்லாமல் "அழுதவனுக்கு ஐஸ்பழம்" என்று ஒரு வரி. யார் அழுதது, ஏன் அழுதது, ஒன்றும் இல்லை.

அந்த வருடக் கொப்பியில், போட்டிக்கு முன்பு ஒரு நாளில், "சான்றிதழ் படி எடுக்க" என்று ஒரு தொகை. பெயர் கிடையாது.

எனக்கு வயிறு கலங்கியது. இதைப் போட்டால் மாஸ்டருக்குத் தெரியும் என்று ஊர் முடிவு கட்டிவிடும். போடாவிட்டால் நான் மறைத்தவன்.

பெப்ரவரி 16

அக்காவிடம் கேட்டேன். "அப்பா எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் படி எடுத்தவர் தம்பி, தாய் தகப்பன் கச்சேரி அலுவலகத்துக்குப் போக ஏலாத பிள்ளைகளுக்கு" என்றார். மகள் அப்படித்தான் சொல்வார் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்து மற்றக் கொப்பிகளைப் பார்த்தேன். முந்திய வருடங்களிலும் அதே வரி இருக்கிறது, பிந்திய வருடங்களிலும் இருக்கிறது.

அந்த ஒரு வருடத்தில் மட்டும் இருந்திருந்தால் கட்டாயம் போட்டிருப்பேன், அக்கா கோபித்தாலும். எல்லா வருடமும் இருக்கிற வரியில் ஒன்றை மட்டும் கிள்ளியெடுத்து அந்த வருடத்துக்குப் பக்கத்தில் வைத்தால், ஒரு பொய்யும் எழுதாமலே ஒரு மனிதரைக் குற்றவாளி ஆக்கலாம். அது எனக்கு வேண்டாம். பிள்ளைகளுக்குச் சான்றிதழ் படி எடுத்துக் கொடுப்பது அவருடைய வழக்கம் என்று பொதுவாக ஒரு வசனம் வரும். அதை வைத்து வாசகர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

பெப்ரவரி 16, மறுமொழிகளைப் பார்த்த பிறகு

"நீ மாஸ்டரின் ஆள்" என்கிறார்கள். ஓம், அவரிடம் பந்து அடித்தவன்தான். மலரின் முதல் பக்கத்திலேயே அது வரும்.

பெப்ரவரி 19

இழை எங்கேயோ போய்விட்டது, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க ஏலாது. 2004 செப்டம்பரில் இலங்கைத் தேசிய ஹேண்ட்போல் அணி என்று 23 பேர் ஜெர்மனியின் பவேரியாவுக்குப் போய், சில ஆட்டம் தோற்று, ஒரு காலை ஆளே இல்லாமல் மறைந்தார்கள். இலங்கைக்கு அப்போது தேசிய ஹேண்ட்போல் அணியே கிடையாது. இல்லாத அணியின் பயிற்றுவிப்பாளருக்கு யாராவது வாழ்க்கை வரலாறு எழுதினால் நான் முன்பதிவு செய்கிறேன். சர்ச்சைகள் பகுதி மட்டும் போதும், மற்றதுக்குச் சரக்கு இல்லை.

பெப்ரவரி 20

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நாளும் மாஸ்டரின் பெயர் கெடுமா என்பதையே பேசிக்கொண்டிருந்தோம். நேற்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அந்த அணியின் கோலியைக் கண்டேன். இப்போது முச்சக்கரவண்டி ஓடுகிறார். கேட்டவுடன் வண்டியை ஓரங்கட்டினார்.

அவருடைய முறைப்பாடு சான்றிதழ் போட்ட பெடியன் மீது இல்லை. மாஸ்டர் மீதும் பெரிதாக இல்லை. "அணியை விலக்கினதோட எங்க எல்லாருடைய பெயரும் போச்சு. மாவட்டத் தெரிவுக்குக் கூப்பிடவே இல்ல. அதுக்குப் பிறகு ஒருத்தரும் வந்து எங்களிட்ட என்ன நடந்தது எண்டு கேக்கல்ல. நீதான் முதல் ஆள்" என்றார். பிறகு மாஸ்டர் வாங்கிக் கொடுத்த சப்பாத்தைப் பற்றிச் சொன்னார். கொப்பியில் பாதி என்று இருக்கிறதே என்றேன். "மற்றப் பாதியும் அவர்தான். அம்மா குடுத்ததா எழுதச் சொன்னது, மானத்துக்கு" என்றார்.

இந்த மலரில் எனக்குப் பிடித்த வரி அதுதான். விலக்கலைப் பற்றிய பந்தியிலும் மற்ற விளையாட்டு வீரர்கள் இழந்தது முதலில் வரும். மாஸ்டரின் வருத்தம் அதற்குப் பிறகு வரட்டும்.

பெப்ரவரி 21

இல்லை, சான்றிதழ் மாற்றிய பெடியனின் பெயர் வராது. கேட்டுக் கேட்டுக் களைக்காதீர்கள். அப்போது அவன் பிள்ளை. பெரியவர்கள் கொடுத்த தாளைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு இறங்கினவன். இப்போது அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும். மாஸ்டர் பொறுப்பில் இருந்தவர், அதனால் அவர் பெயரோடு வருகிறார். கருத்துப் பகுதியில் பெயரைப் போட்டவர் தயவு செய்து தானே அழிக்கட்டும்.

பெப்ரவரி 26

குழுக் கூட்டம் முடிந்தது. தனிப் பக்கம் இல்லை. கனடாவிலிருந்து காசு அனுப்புகிறவர் முதலில் தரமாட்டேன் என்றார், பிறகு பந்தியை வாசித்துக் காட்டியபோது ஒன்றும் பேசாமல் சரி என்றார். அக்கா ஒரே ஒரு சொல்லை மாற்றக் கேட்டார், 'மோசடி' என்பதை. விசாரணைக் கடிதத்தில் 'வயது தகுதியின்மை' என்றுதான் இருக்கிறது, அப்படியே போட்டேன். கோலி அந்தச் சொல்லைப் பற்றிக் கவலைப்படவில்லை. தன் பெயரில் எழுத்துப்பிழை வரக்கூடாது என்றார், அவ்வளவுதான்.

போகப்போகிற பந்தி இது:

"அந்த வருடம் 15 வயதுக்குட்பட்ட அணி மாவட்டப் போட்டியின் நடுவே விலக்கப்பட்டது. ஒரு வீரர் வேறொருவரின் பிறப்புச் சான்றிதழோடு விளையாடியதாக எதிரணி முறைப்பாடு செய்தது, விசாரணையில் அது உறுதியானது. அணியின் மற்ற வீரர்கள் மாவட்டத் தெரிவுக்கான வாய்ப்பை இழந்தார்கள். மாஸ்டருக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. சான்றிதழ் மாற்றம் அவருக்கு முன்பே தெரியுமா என்று விசாரணை முடிவு சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றிப் பின்னர் எங்கும் பேசவில்லை. அடுத்த போட்டிக் காலத்தில் அவர் மைதானத்துக்கு வரவில்லை."

இதற்குப் பிறகு அடுத்த பந்தி அவர் திரும்பி வந்த கதையோடு தொடங்குகிறது. இடையில் கோடும் இல்லை, தலைப்பும் இல்லை.

பெப்ரவரி 27

"பேசவில்லை" என்பது குத்தலாக இருக்கிறது என்று இருவர். குத்தட்டும். அவர் பேசியிருந்தால் பேசினார் என்று எழுதியிருப்பேன்.

மார்ச் 1

அச்சுக்குப் போக முன்பு ஒரு உதவி. விலக்கப்பட்ட அந்த அணியின் குழுப்படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கிண்ணம் வென்ற வருடப் படங்கள் எல்லாரிடமும் இருக்கின்றன, இது மட்டும் ஒருவரிடமும் இல்லை. மக்கேய்சர் மைதானத்தில் எடுத்தது என்று கோலி சொல்கிறார். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள்.